வினாடி வினாவுக்கு எல்லைகளைப் பற்றிக் கேள்விகள் வேண்டும்

மீனாட்சிபுரம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறோம். ஓண லீவில் எங்கள் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துவார்கள், இந்த வருஷம் கேள்வி தயாரிக்கிற பொறுப்பு எனக்கு. ஏழாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள், தமிழ் மீடியமும் உண்டு, மலையாளமும் உண்டு. அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வு கைடில் இருக்கிற நீளமான நதி, உயரமான சிகரம் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கேட்டு முடிக்கும் முன்னே பதில் வரும், ஆனால் அந்த நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். டியூஷனுக்கும் நோட்டு வாங்கவும் தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிற பிள்ளைகள் என்பதால் ஒரு சுற்று முழுக்க எல்லைகளைப் பற்றியே வைக்கலாம் என்று நினைக்கிறேன். நம் ஊர், வெளிநாடு எதுவானாலும் சரி. பதிலோடு ‘ஏன் அப்படி’ என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செங்கோட்டைக்காரன்:
டீச்சர், முதல் கேள்வியாக இதை வையுங்கள். பிரான்ஸின் மிக நீளமான நில எல்லை எந்த நாட்டோடு? ஸ்பெயின், ஜெர்மனி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பிரேசில்தான் பதில், சுமார் 730 கிலோமீட்டர். தென் அமெரிக்காவில் இருக்கிற பிரெஞ்சு கயானா காலனி நாடு இல்லை, பிரான்ஸின் ஒரு பகுதியே அதுதான், அங்கே செலவுக்கு யூரோ நோட்டுதான். அந்த இடத்தில்தான் கூரூ ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. நம்முடைய ஆப்பிள் செயற்கைக்கோள் 1981-ல் அங்கிருந்துதான் போனது, அப்புறம் இன்சாட், ஜிசாட் என்று பல போயிருக்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் பூமி சுழல்கிற வேகமே ராக்கெட்டுக்கு ஒரு தள்ளு கொடுக்கும், பாரத்தைக் கூடுதலாகத் தூக்கலாம். ஒரு கேள்வியில் பூகோளமும் அறிவியலும் முடிந்துவிடும்.

இதே பிரான்ஸை வைத்து இன்னொன்று. அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு எது? ரஷ்யா என்பார்கள், அதற்கு 11. பிரான்ஸுக்கு 12, எல்லாம் தூரதேசத் தீவுகளால் வந்தது.

உள்நாட்டில் வேண்டுமென்றால் நவாபூர் ரயில் நிலையம். பாதி மகாராஷ்டிரா, பாதி குஜராத். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு நடுவிலேயே கோடு போட்டு இரண்டு மாநிலப் பேரும் எழுதியிருக்கும், டிக்கெட் கவுன்டர் ஒரு மாநிலத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் அறை இன்னொன்றில். 1960 மே 1 அன்று பம்பாய் மாநிலம் பிரிந்தபோது கோடு ஸ்டேஷன் குறுக்கே போய்விட்டது.

குமுளி வாசகர்:
நம்ம பக்கத்துக் கேள்வி இல்லாமல் எப்படி? கேரளாவுக்குள் இருக்கிற, ஆனால் தமிழ்நாடு பராமரிக்கிற அணை எது என்று கேளுங்கள். முல்லைப் பெரியாறு என்று பிள்ளைகள் பட்டென்று சொல்வார்கள், அங்கே விட்டுவிடாதீர்கள். மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர வேண்டிய தண்ணீர் கிழக்கே தேனி, மதுரை, ராமநாதபுரம் வரை எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். மழையெல்லாம் மலைக்கு மேற்கே கொட்டும், கிழக்கே மழை மறைவு. பென்னிகுயிக் ஆற்றை மறித்து நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறக்கினார். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, 1895-ல் அணை முடிந்தது. இன்றைக்கு இருக்கிற மாநிலத் தகராறை மட்டும் கேள்வியாக்க வேண்டாம், இரண்டு பக்கத்துப் பெற்றோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

குப்பம் தமிழன்:
தகராறைக் கிளற வேண்டாம் என்பது சரி, ஆனால் எல்லை மாறிய வருஷங்களை ஒளிக்கக் கூடாது. ஆந்திராவில் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசுகிறவன் நான், எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தராததால் கோடு ஆதிகாலத்திலிருந்து அங்கேயே இருப்பதாக நினைக்கிறார்கள். சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணம். திருத்தணி ஆந்திராவுக்குப் போய், 1960 ஏப்ரல் 1-ல் திரும்பி வந்தது. செங்கோட்டை அண்ணாச்சி ஊரும் கன்னியாகுமரியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. நான்கு ஊர்ப் பெயரைக் கொடுத்து வருஷத்தோடு பொருத்தச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக்கு பார்லே. நெதர்லாந்துக்குள் பெல்ஜியம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிற ஊர். நடைபாதையில் சிலுவை சிலுவையாகக் குறி போட்டு ஒரு பக்கம் பி, மறுபக்கம் என்எல் என்று எழுதியிருக்கும், அந்தக் கோடு வீடு, கடை எதையும் விடாமல் குறுக்கே போகும். வாசல் கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ வீடும் அந்த நாடுதான். பழைய பிரபுக்கள் நிலத்தைப் பங்கு போட்டது, இன்னும் அப்படியே.

ஒரு வேண்டுகோள். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்று இன்னும் கைடுகளில் அச்சடிக்கிறார்கள், தயவுசெய்து அதைக் கேள்வியாக வைத்துவிடாதீர்கள். 2003-ல் விண்வெளிக்குப் போன சீனாவின் முதல் வீரர் யாங் லிவெய், சுற்றுப்பாதையிலிருந்தே தன் கண்ணுக்குப் படவில்லை என்று சொல்லிவிட்டார். நிலா அதைவிட எவ்வளவோ தூரம்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. வருஷங்களைப் பொருத்துகிற கேள்வியைக் கட்டாயம் வைக்கிறேன். முல்லைப் பெரியாறுக்குப் பதில் சொன்னவர்களைப் போர்டில் மலையை வரைந்து தண்ணீரின் வழியைக் காட்டச் சொல்லி அதற்குத் தனி மதிப்பெண் கொடுக்கப் போகிறேன். பார்லே விஷயத்தில் எங்கள் பிள்ளைகள் விடமாட்டார்கள், கதவை மாற்றி வைத்தால் நாடு மாறுமா என்று நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்ல?

குப்பம் தமிழன்:
மாறும் டீச்சர், அப்படிக் கதவை இடம் மாற்றியவர்கள் அங்கே உண்டு. கடைகளுக்குத்தான் கஷ்டம். 2020-ல் கொரோனா நேரத்தில் பெல்ஜியம் அத்தியாவசியக் கடை தவிர மற்றதை மூடச் சொன்னது, நெதர்லாந்து சொல்லவில்லை. அங்கே ஒரு துணிக்கடை குறுக்கே டேப் கட்டி பெல்ஜியப் பாதியை மட்டும் அடைத்துவிட்டு, இந்தப் பாதியில் வியாபாரம் பார்த்தது. நம்ம சோதனைச்சாவடிகளில் இ-பாஸ் கேட்ட அதே வருஷம்தான், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.