ஆங்கில எழுத்து சொல்லிக்கொடுத்ததில் மனதை விட்டுப் போகாத சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

தங்கச்சிமடம் யு.கே.ஜி. டீச்சர்:
எல்லாரும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று கத்தும்போது அவன் மட்டும் வாயே திறக்க மாட்டான். ஏப்ரல் கடைசி, மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவன் அப்பா படகின் பதிவெண்ணைக் காட்டினான். 'ஐஎன்டி-டிஎன்' என்று தொடங்குமே, அதில் 'என்' மேல் விரலை வைத்து "ன்" என்றான். விரலை அப்படியே தள்ளிக்கொண்டு போய், "இங்க இன்னொரு ன் இருக்கு டீச்சர்!" விரல் நுனியெல்லாம் ஈரப் பெயின்ட்.

அதே வாரம் பார்வையிட வந்தவர் ஏ முதல் இசட் வரை வரிசையாகச் சொல்லச் சொன்னார். பிள்ளை பேசாமல் நின்றான். 'எழுத்து தெரியவில்லை' என்று குறித்துவிட்டுப் போனார். படகு விஷயத்தைச் சொன்னேன், காதில் வாங்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொண்டியிலிருந்து ஒரு அம்மா:
டீச்சர், வரிசை வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அட்மிஷனில் அதைத்தானே கேட்கிறார்கள்? என் மகளிடம் சிலேட்டைக் கொடுத்து சின்ன 'பி' (b) போடச் சொன்னார்கள். வயிற்றை இந்தப் பக்கம் போட்டுவிட்டாள், 'டி' (d) ஆகிவிட்டது. "வீட்டில் சொல்லித்தரவில்லையா?" என்று பிள்ளை முன்னாலேயே கேட்டார்கள். அவள் எச்சில் தொட்டு அதை அழித்த வேகம் கண்ணிலேயே நிற்கிறது.

தேவிபட்டினம், ஓய்வு பெற்ற ஆசிரியர்:
தொண்டி அம்மா, நாலு வயதில் பி-யும் டி-யும் மாறுவது சகஜம், அதற்குப் போய்ப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தாதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது. பென்சிலுக்கு முன்னால் ஈர மணலில் பெரிதாக விரலால் போடட்டும். அப்புறம், ஏபிசிடி வரிசையில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? எஸ், ஏ, டி (t), ஐ, பி (p), என் என்ற ஆறின் ஒலியும் தெரிந்தால் பின் (pin), டின் (tin), டேப் (tap) என்று அன்றைக்கே வார்த்தை கூட்டலாம். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், தமிழில் எழுதினால் பஸ்ஸுக்கும் பள்ளிக்கும் ஒரே 'ப'தான். பஸ், பென் இரண்டையும் தொண்டையில் கை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குத் தொடக்கத்திலேயே அதிரும். என்னிடம் படித்த ஒருத்தி அதிர்வது தெரிந்ததும் கையை எடுக்கவே மறுத்தாள்.

தங்கச்சிமடம் யு.கே.ஜி. டீச்சர்:
ஐயா, இதெல்லாம் வகுப்பில் செய்கிறோம். அந்தக் குறிப்பை யாரிடம் சொல்லித் திருத்துவது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஜூனில் அவன் ஒன்றாம் வகுப்பு.