மண்டபத்துல வாடகை வீடு: சீலிங் பூச்சு விழுது, ரெண்டு மாசமா வாடகையும் வரல, என்ன பண்ணலாம்?

வடகடல் தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பா கட்டுன வீடு மண்டபத்துல இருக்கு, வடக்குக் கடலுக்குக் கிட்டத்துல, கீழயும் மாடியுமா ரெண்டு போர்ஷன். நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன், அம்மாவும் என்கூட வந்துட்டாங்க, அதனால போன தைல இருந்துதான் வாடகைக்கு விட்டிருக்கோம், இதுக்கு முன்ன வீடு விட்டுப் பழக்கமில்ல. மாடில இருந்தவங்க போன மாசம் காலி பண்ணிட்டாங்க. கீழ இருக்கவரு விசைப்படகுல மீன்பிடிக்கப் போறவரு, ரெண்டு சின்னப் புள்ளைங்க. வாடகை 6,000, அட்வான்ஸ் 18,000. சித்திரை பொறந்ததுல இருந்து வாடகை வரல. கேட்டா மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும்ங்கிறாரு. இப்ப அடுப்படி சீலிங்ல தட்டு அளவுக்குப் பூச்சு விழுந்து உள்ள கம்பி தெரியுதுன்னு போட்டோ வேற அனுப்பிருக்காரு, இதைச் சரி பண்ணாம வாடகை எப்படிக் கேப்பீங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும். எங்க சித்தப்பா மோட்டார் ஒயரக் கழட்டி விடுடா, தன்னால பணம் வரும்ங்கிறாரு, எனக்கு மனசு ஒப்பல. எக்ரிமென்ட் 20 ரூபா பத்திரத்துல 11 மாசத்துக்குப் போட்டது, எங்கயும் பதியல. எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

பாம்பன் காண்ட்ராக்டர்:
தம்பி, வாடகைப் பேச்சை ரெண்டு நாள் தள்ளி வைங்க, முதல்ல அந்த அடுப்படில புள்ளைங்கள நிக்க விடாதீங்க, இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. தட்டு அளவு விழுந்திருக்குன்னா சுத்தி இன்னும் ரெண்டு மடங்கு விழுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். நம்ம ஏரியால இது பூச்சு வேலை தப்பு மட்டும் இல்ல. காத்துல வர்ற உப்பு காங்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியப் புடிச்சிரும், கம்பி துருப்புடிச்சா உப்பி பெருசாகும், அந்த நெருக்கத்துலதான் காங்கிரீட்டு வெடிச்சு விழுது. அதுமேல சும்மா சிமெண்ட் பூசி வெள்ளையடிச்சா அடுத்த மழைக்கு மறுபடி விழும், அந்தச் செலவு தண்டம்.

ஒரு சின்ன சுத்தியல வச்சு சீலிங் பூரா தட்டிப் பாக்கச் சொல்லுங்க. கெட்டியா டங்குன்னு கேட்டா பயமில்ல, டொப்புன்னு கேக்குற இடத்தையெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு, அத்தனையும் கொத்தி எடுக்கணும். கம்பியோட பின்பக்கம் வரைக்கும் கொத்தணும், மேலாப்புல சுரண்டுனா பத்தாது. வயர் பிரஷ் போட்டுத் தேச்சு கம்பி பளிச்சுன்னு வந்தப்புறம் துத்தநாக பிரைமர், அது காஞ்சதும் பழைய காங்கிரீட்டுல ஒட்டுறதுக்கு பாண்டிங் கெமிக்கல், அப்புறம் பாலிமர் கலவை. முக்கியமா கலவைக்கும் நனைக்கிறதுக்கும் போர் தண்ணிய எடுக்கக் கூடாது, அது உப்பு. நல்ல தண்ணி லாரில அடிச்சுக்குங்க. கம்பி ரொம்ப மெலிஞ்சு போயிருந்தா என்னை மாதிரி ஆளு சொல்றத நம்பாதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டிருங்க.

ராம்நாட் வக்கீல்:
மோட்டார் ஒயர்ல கை வைக்காதீங்க. வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணி, கரண்டை நிறுத்துறதுக்கு வீட்டுக்காரருக்கு உரிமையே கிடையாது. குடியிருக்கவரு வாடகை அதிகாரி (வாடகைத் தகராறைப் பாக்குற அரசு அதிகாரி) கிட்ட மனு குடுத்தா நீங்கதான் பதில் சொல்லணும்.

2017ல வந்த தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு. எழுத்துல எக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரி கிட்ட பதியணும், அதுக்கு அரசோட ஆன்லைன் போர்ட்டலே இருக்கு. 11 மாசம்னு போட்டா பதிய வேணாம்னு டீக்கடைல சொல்லுவாங்க, அது சார்பதிவாளர் ஆபீஸ் கணக்கு, இந்தச் சட்டத்துக்கு 11 மாசமும் ஒண்ணுதான். பதியாத பத்திரம் ஆதாரமா எடுபடாது. உங்க அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்குள்ள இருக்கு, அது சரி.

சீலிங், ஒயரிங், பைப் லைன் மாத்துறது, வெள்ளையடிக்கிறது எல்லாம் உங்க பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, ஜன்னல் கண்ணாடி அவரு பொறுப்பு. நீங்க செய்யலன்னா அவரே ஆள் வச்சுப் பண்ணிட்டு வாடகைல கழிச்சுக்கலாம். பாக்கிக்கு முறையா நோட்டீஸ் குடுக்கலாம், ஆனா ஒரு மாசத்துக்குள்ள அவரு முழுசா கட்டிட்டா அதை வச்சு காலி பண்ணச் சொல்ல முடியாது.

அக்கா மடத்து வீட்டுக்காரி:
தம்பி, நோட்டீஸ் அது இதுன்னு போறதுக்கு முன்ன உக்காந்து பேசுங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, இது வருஷா வருஷம் தெரிஞ்ச கணக்கு. அந்த நாள்ல அவருக்கு வர்றது அரசு நிவாரணம் 8,000 ரூபாயும் வலை பின்னுற கூலியும்தான், அதுல 6,000 எங்கிட்டு எடுப்பாரு, புள்ளைங்களுக்கு ஸ்கூல் தொறக்குற நேரம் வேற. நான் எங்க வீட்டுல இருக்க கடல் தொழில்காரங்க கிட்ட மாசக் கணக்கு பேசுறதில்ல, வருஷக் கணக்குதான் பேசுவேன். உங்களுக்கு வருஷத்துக்கு 72,000 வரணுமா, தொழில் இருக்க 10 மாசமும் 7,000 வாங்குங்க, தடைக்காலம் ரெண்டு மாசமும் 1,000 வாங்குங்க. கூட்டிப் பாருங்க, அதே 72,000. அவருக்கும் மூச்சு விட இடம், உங்களுக்கும் பாக்கின்னு ஒண்ணு சேராது. இதையே எக்ரிமென்ட்ல எழுதிப் பதிஞ்சிருங்க. இப்ப நிக்கிற 12,000த்த ஆனில இருந்து மாசம் 2,000மா சேத்து வாங்கிக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் ரசீது குடுங்க.

மாடிய கோஸ்ட் கார்டு ஆளுங்களுக்கோ மீன் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாக்குறவங்களுக்கோ விட்டா வாடகை தேதி தப்பாது. ஆனா டிரான்ஸ்பர் வந்தா போயிருவாங்க, அதனால எத்தனை மாசம் முன்ன சொல்லணும்னு எழுதி வாங்குங்க. யாராச்சும் ஒத்திக்குக் கேட்டு மொத்தமா மூணு நாலு லட்சம் நீட்டுவாங்க, வாங்கிராதீங்க தம்பி. அந்தப் பணம் செலவாயிரும், திருப்பிக் குடுக்குற அன்னைக்கு வீட்டையே அடகு வைக்கிற மாதிரி வந்து நிக்கும்.

வடகடல் தம்பி:
அக்கா, அந்த 7,000 கணக்கச் சொன்னதும் அவரு உடனே சரின்னுட்டாரு, அவரு குரலே மாறிருச்சு. சித்தப்பா கிட்டயும் வக்கீல் சார் எழுதுனதப் படிச்சுக் காட்டிட்டேன். தட்டிப் பாத்ததுல அடுப்படி மூலைல மட்டும்தான் டொப்புன்னு கேக்குது, கம்பி மெலியல. ஆனா அந்த எடத்துல ஈரம் காயவே மாட்டேங்குதாம். நேர் மேல மாடி பாத்ரூம்.

பாம்பன் காண்ட்ராக்டர்:
அப்ப உப்போட தண்ணியும் சேந்து இறங்குது. மாடில ஒரு மாசமா ஆள் இல்ல, அப்படியும் காயலன்னா தரையில ஊத்துற தண்ணி இல்ல அது, சுவத்துக்குள்ள ஓடுற பைப் கசியுது. டேங்க்ல இருந்து மாடிக்கு வர்ற கேட் வால்வ மட்டும் மூணு நாள் மூடிப் போடுங்க, கீழ அவங்களுக்குத் தண்ணி போற லைன் தனியான்னு முதல்ல பாத்துக்குங்க. ஈரம் வாட ஆரம்பிச்சா பைப்புதான். பைப்ப மாத்தி பாத்ரூம் தரைக்கு வாட்டர்ப்ரூப் அடிச்சு, சீலிங் நல்லாக் காஞ்சப்புறம்தான் கீழ கொத்தணும், மாத்திச் செஞ்சா ரெண்டு வேலையும் வீண். மாடிக்கு ஆள் வர்றதுக்குள்ள முடிச்சிருங்க, ஐப்பசி மழைக்கு நெருக்கத்துல வச்சுக்காதீங்க.