இழை: பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு – வேறு நல்ல சொல் உண்டா?

மேலூர், உயிரியல் ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக என் பிள்ளைகள் நரம்பு மண்டலம் பற்றிப் பெரிய சுவர்ப்படம் தயாரிக்கிறார்கள். சிம்மக்கல்லில் ஒரு கடையில் ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லியாயிற்று. வியாழன் மாலைக்குள் எழுத்தைக் கொடுத்தாக வேண்டும். பெருமூளை, சிறுமூளை, முகுளம், தண்டுவடம், அனிச்சைச் செயல் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளை இயக்கும் தானியங்கு நரம்பு மண்டலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டோம்.

பாடநூலில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று இருக்கிறது. பரிவு என்றதும் பிள்ளைகள் இரக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "பரிவு நரம்பு பிறர் துன்பம் கண்டு இரங்கச் செய்கிறது, எதிர்ப்பரிவு நரம்பு கோபத்தை உண்டாக்குகிறது" என்று ஒரு மாணவி தேர்வில் எழுதிவிட்டாள். நடப்பதோ வேறு. அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கும்போது களத்தில் நிற்கிற பையனுக்கு நெஞ்சு படபடக்கிறது, கண்பாவை விரிகிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அதெல்லாம் பரிவு நரம்பின் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் துடிப்பு இறங்கிக் குடல் வேலையைத் தொடங்குகிறதே, அது எதிர்ப்பரிவு. கேட்டதும் புரிகிற சோடிச் சொல் ஒன்று வேண்டும். படத்தில் இடம் குறைவு, அதனால் சின்னச் சொல்லாக இருக்கட்டும்.

தல்லாகுளம், மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

முடுக்கு நரம்பு, தணிப்பு நரம்பு. இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை அம்மா. மோட்டார் பம்ப் ஓட்டுகிறவருக்குக்கூடப் புரியும்.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

டீச்சர், அந்த மாணவி மேல் பிழை இல்லை. சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. ஆங்கிலத்தில் பரிவு நரம்புக்குச் சிம்பதெட்டிக் என்று பெயர். அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மாற்றலாமா என்று பார்க்கலாம்.

உடம்பில் ஓர் உறுப்பு நோகும்போது தள்ளியிருக்கும் இன்னோர் உறுப்பும் சேர்ந்து வருந்துவதைக் கிரேக்க மருத்துவர் காலன் கவனித்தார். நரம்பு வழியாக ஏதோ தொடர்பு இருக்கிறது என்று கருதினார். உறுப்புகளுக்குள் நடக்கும் அந்த உடன்நோவுக்குத்தான் சிம்பதி என்று பெயர். மனிதருக்கு மனிதர் காட்டும் இரக்கம் இங்கே பேச்சே இல்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் சங்கிலி போல ஓடும் நரம்பு முடிச்சுகளுக்கு 1732இல் பாரிசில் உடற்கூற்று அறிஞர் வின்ஸ்லோ இந்தப் பெயரை வைத்தார். பின்னால் கேம்பிரிட்ஜில் உடலியல் அறிஞர் லாங்லி, 1905இல், மற்றப் பிரிவான எதிர்ப்பரிவுக்குப் பாராசிம்பதெட்டிக் என்று பெயரிட்டார். இங்கே பாரா என்பதற்கு அருகில், பக்கத்தில் என்று பொருள். நாம் உடன்நோவை இரக்கமாக்கி, பக்கத்தில் இருந்ததை எதிரில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

முடுக்கு, தணிப்பு என்ற சோடி இதயத்துக்குச் சரி. இதயத்தை எல்லா நரம்பிலிருந்தும் பிரித்துவிட்டால் அது தானாகவே நிமிடத்துக்கு நூறு முறை போலத் துடிக்கும். ஓய்வில் நமக்கு எழுபது, எண்பதாக இருப்பதற்குக் காரணம் வேகஸ் என்ற எதிர்ப்பரிவு நரம்பு எந்நேரமும் பிடித்து வைத்திருப்பதுதான். ஆனால் குடலுக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே எதிர்ப்பரிவுதான் முடுக்குகிறது, பரிவு அடக்குகிறது. முடுக்கு நரம்பு குடலைத் தணிக்கிறது என்று எழுதுவீர்களா?

எதிர் என்பதும் முழு உண்மை இல்லை. வியர்வைச் சுரப்பிகளுக்குப் பரிவு நரம்பு மட்டுமே போகிறது, பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்கும் அப்படியே. எதிர்க்க அங்கே யாரும் இல்லை. இன்னொன்று, பரிவு நரம்பு ஆபத்துக்கு மட்டும் எழுவதில்லை. 1915இல் உடலியல் அறிஞர் கேனன் எழுதிய நூலுக்குப் பிறகு 'சண்டை அல்லது ஓட்டம்' என்றே எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் நீங்கள் பாயிலிருந்து எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் கால் பக்கம் இறங்கும் இரத்தத்தைக் குழாய்களைச் சுருக்கி மேலே அனுப்புவது இதே நரம்புதான்.

அதனால் வேலையை வைத்துப் பெயரிட வேண்டாம் என்பது என் கருத்து. வேலை உறுப்புக்கு உறுப்பு மாறும், புறப்படும் இடம் மாறாது. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்பு, இடுப்பு மட்டங்களிலிருந்து கிளம்புகின்றன. மற்றவை மூளையின் அடிப்பகுதியிலிருந்தும் தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்தும் கிளம்புகின்றன. தமிழ் படித்தவர்கள் இதற்குச் சொல் தாருங்கள்.

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

டாக்டர் ஐயாவின் வரலாற்று விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் பரிவு என்ற சொல்லை இவ்வளவு விரைவில் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

பரிதல் என்பதற்கு இரங்குதல் ஒரு பொருள்தான். ஓடுதல் என்பதும் பொருள். ஓடுவதால்தான் குதிரை பரி ஆயிற்று என்பேன். நரியைப் பரியாக்கிய ஊரில் இருந்துகொண்டு இதை நாம் மறக்கலாமா? ஓடத் தயார் செய்யும் நரம்புக்குப் பரி என்ற அடி எவ்வளவு பொருத்தம்! வருந்தி முயல்தல் என்றும் பொருள் உண்டு. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்ற குறளில் பரிந்து என்பதற்கு வருந்தியும் என்றுதானே பரிமேலழகர் உரை கொள்கிறார்? உடம்பு வருந்தி முயலும் நேரத்து நரம்பு பரிவு நரம்பு.

அன்பு என்ற பொருளிலும் பார்க்கலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் காதலின் முதல் நிலைக்குரிய மெய்ப்பாடுகள் நான்கு: 'புகுமுகம் புரிதல் பொறிநுதல் வியர்த்தல் நகுநயம் மறைத்தல் சிதைவுபிறர்க் கின்மை.' தலைவனை எதிர்ப்பட்டதும் தலைவிக்கு நெற்றி வியர்க்கிறது. வியர்வைக்குப் பரிவு நரம்பு மட்டுமே என்று மருத்துவர் இப்போதுதான் எழுதினார். அன்பாகிய பரிவு தோன்றும்போது பரிவு நரம்பு வியர்க்க வைக்கிறது. உள்ளத்தில் தோன்றியது உடம்பில் வெளிப்படுவதற்கு மெய்ப்பாடு என்றே பெயர் வைத்துத் தனி இயல் எழுதிய மொழி இது. தானியங்கு நரம்பு மண்டலத்துக்கே மெய்ப்பாட்டு நரம்புகள் என்று பெயர் சூட்டலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

திருநகர், குழு உறுப்பினர் எழுதியது:

மண்டலம் வடசொல். முதலில் அதை மாற்றுங்கள். ஈழத்தில் நரம்புத் தொகுதி என்று அழகாக எழுதுகிறார்கள்.

தல்லாகுளம், மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, எங்கள் பக்கத்தில் தொகுதி என்றால் மேலூர் தொகுதி, உசிலம்பட்டி தொகுதி என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். பாண்டி மண்டலம் என்று கல்வெட்டுக் காலத்திலிருந்து நம் நாவில் இருக்கிற சொல்லை இன்று விரட்ட வேண்டுமா?

திருநகர், குழு உறுப்பினர் எழுதியது:

பழக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு சொல் நம்முடையது ஆகிவிடாது. பழக்கத்தை வைத்து முடிவு செய்வதானால் கலைச்சொல்லாக்கமே தேவையில்லை, சிம்பதெட்டிக் என்றே எழுதிவிட்டுப் போகலாம். தேர்தல் தொகுதியும் தொகுக்கப்பட்டதுதான், நரம்புத் தொகுதியும் தொகுக்கப்பட்டதுதான். ஒரே சொல் இரண்டு துறையில் வருவதில் என்ன இடர்?

உசிலம்பட்டி, செவிலியர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வார்டில் நிலைமையே வேறு. இங்கே நரம்பு என்றால் முதலில் இரத்தக் குழாய்தான். கையில் நரம்பு தெரியவில்லை, நரம்பு ஊசி போடுங்கள், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொல்வது எல்லாமே இரத்தக் குழாயைப் பற்றித்தான். சர்க்கரைக்காரர்களிடம் உங்கள் நரம்பு கெட்டிருக்கிறது என்றால் இரத்தம் ஓடவில்லையா என்று கேட்கிறார்கள்.

பல வருடச் சர்க்கரையில் இந்தத் தானியங்கு நரம்புகளும் பாதிக்கப்படும். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வரும். சாப்பிட்டது வயிற்றிலேயே கிடக்கும். சிலருக்கு மாரடைப்பு வந்தால்கூட வலி தெரியாது. இதையெல்லாம் விளக்க எனக்கும் சொல் வேண்டும். பரிவு என்று சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் ஏறவில்லை. உசுப்புகிற நரம்பு, அமர்த்துகிற நரம்பு என்று சொன்னேன், ஒரு பாட்டி உடனே தலையாட்டினார். உசுப்பு நரம்பு, அமர்த்து நரம்பு என்று வைக்கலாமா டீச்சர்?

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தங்கை சொல்வது உண்மைதான், ஆனால் அது இன்று நேற்று வந்த குழப்பம் இல்லை. 'நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்' என்று புறநானூற்றில் நச்செள்ளையார் பாடும் முதியவளின் தோளில் புடைத்துத் தெரிவதும் இரத்தக் குழாய்தான். யாழின் தந்தியும் நரம்புதான். நீளமாக, முறுக்காக, இழையாக இருப்பதெல்லாம் நம் முன்னோருக்கு நரம்பு.

உசுப்பு பேச்சு வழக்கு என்று நான் ஒதுக்கவில்லை. உசும்பாமல் கிடக்கிறான் என்கிறோமே, அந்த உசும்புதலின் பிறவினை போல நிற்கிறது. ஆனால் நாயை உசுக்காட்டுவதும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. உறுப்பின் பெயரில் அந்த வாடை வேண்டாம் என்பது என் எண்ணம். அமர்த்து இன்னும் சிக்கல். அமர் என்றால் போர். போருக்கு ஆயத்தம் செய்வது மற்ற நரம்பு ஆயிற்றே!

உசிலம்பட்டி, செவிலியர் எழுதியது:

ஐயா, எங்கள் ஊரில் அடுப்பை அமர்த்து, விளக்கை அமர்த்து என்று தினமும் சொல்கிறோம். அதில் யாருக்கும் போர் நினைவு வராது.

மட்டுறுத்துநர் எழுதியது:

இழை நீண்டுவிட்டது. மண்டலம், தொகுதி, நரம்பு ஆகியவற்றுக்குத் தனி இழைகள் தொடங்குங்கள். இங்கே டீச்சர் கேட்ட சோடிச் சொல் மட்டும். வியாழனுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

புறப்படும் இடத்தை வைத்துச் சொல் கேட்டார் மருத்துவர். நேற்றிரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிரிவு நடுவிலிருந்து கிளம்புகிறது. மற்றது மேல்முனையிலும் கீழ்முனையிலும் கிளம்புகிறது. தலை, இடை, கடை! மதுரையில் இருப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பரிவுக்கு இடைநரம்பு. எதிர்ப்பரிவுக்குத் தலைகடை நரம்பு. இடை என்பது இடுப்பையும் குறிக்கும், நடுவையும் குறிக்கும், இரண்டும் உடற்கூற்றுக்குப் பொருந்தும். முச்சங்கம் படித்த பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் போதும், சாகும்வரை மறக்காது.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

ஐயா, அருமை. நான் முதலாண்டில் மனப்பாடம் செய்ய எவ்வளவோ பாடுபட்ட செய்தி இது: தலையில் 3, 7, 9, 10ஆம் மூளை நரம்புகள், கீழே முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பு மட்டத்தில் 2 முதல் 4 வரை, நடுவில் இருப்பதெல்லாம் பரிவு. தலைகடை என்ற ஒரே சொல்லில் அவ்வளவும் அடங்கிவிட்டது. என் வாக்கு இதற்கே.

உசிலம்பட்டி, செவிலியர் எழுதியது:

டாக்டர் ஐயா மன்னிக்கணும். இடைநரம்பு என்றால் எங்கள் நோயாளிகள் இடுப்பில் பிடித்துக் காலுக்கு இறங்கும் வலி என்றே நினைப்பார்கள். தலைகடை என்றால் அவர்களுக்கு ஒன்றுமே தோன்றாது. முச்சங்கம் எத்தனை பேருக்குத் தெரியும்?

தல்லாகுளம், மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

முடுக்கு, தணிப்பைத் திரும்பப் பெறுகிறேன். குடல் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. உசுப்பு, அமர்த்துக்கு என் வாக்கு. அதற்கும் அதே கேள்வி இருக்கிறது, ஆனால் கேட்டதும் பாதி விளங்கிவிடுகிறது. மீதியை ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார்.

மேலூர், உயிரியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பில் இரண்டு சோடியையும் பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல் எது எதைச் செய்யும் என்று கேட்டேன். உசுப்பு, அமர்த்துக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். விளக்கிய பிறகு தலைகடை சிலருக்கு மிகவும் பிடித்துவிட்டது, நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பொதுத்தேர்வில் திருத்துகிறவர் பாடநூல் சொல்லைத்தான் எதிர்பார்ப்பார். வேறு சொல் எழுதிப் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பதற்கு நான் இடம் கொடுக்க முடியாது. எனவே தலைப்பில் பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு என்றே இருக்கும். அதன் கீழே அதே அளவு எழுத்தில் உசுப்பு நரம்பு, அமர்த்து நரம்பு. தண்டுவடப் படத்தின் ஓரத்தில் தலை, இடை, கடை என்று மூன்று குறிகள். இப்படித்தான் கடைக்கு அனுப்பப் போகிறேன்.

திருநகர், குழு உறுப்பினர் எழுதியது:

மேலே நரம்பு மண்டலம் என்றுதானே இருக்கும்? என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

நல்ல ஏற்பாடு டீச்சர். ஒரே ஒரு வேண்டுகோள். குடலுக்குப் போகும் கோடுகளுக்குப் பக்கத்தில் மட்டும், உசுப்பு நரம்பு இங்கே அடக்குகிறது, அமர்த்து நரம்பு இங்கே இயக்குகிறது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இடம் பத்தாவிட்டால் வாடிவாசல் காளையின் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அந்த இரண்டு வரி எழுத வேண்டி வருவதே உசுப்பு, அமர்த்து பொருந்தவில்லை என்பதற்குச் சான்று. இடைநரம்பு, தலைகடை நரம்பு என்று வைத்திருந்தால் குடலுக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டியிருக்காது. அடுத்த ஆண்டுப் படத்துக்கு மறுபடியும் எழுதுவேன்.