தலைக்காயம்: கார்டிசால் குறைந்தாலும் ஆபத்து, ஸ்டீராய்டு கொடுத்தாலும் ஆபத்தா?

மூன்றாம்ஷிப்ட்:
கடுமையான தலைக்காயத்தில் கார்டிசால் (அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) குறைந்தால் பிபி இறங்கி மூளை மேலும் கெடும் என்கிறார்கள். அதே வாயால் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டே கூடாது என்றும் சொல்கிறார்கள். எது சரி? அப்படியே, ஜிஎஃப்ஏபி (மூளை செல்லிலிருந்து கசியும் புரதம்) ரத்தப் பரிசோதனை, ஏபிஓஇ ஜீன் டெஸ்ட் இரண்டையும் வைத்து ஆள் பிழைப்பாரா என்று சொல்ல முடியுமா?

கபாலம்:
இரண்டும் சரிதான். எவ்வளவு, எதற்கு என்பதில்தான் வித்தியாசம். 2004இல் வெளியான, தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த கிராஷ் ஆய்வில் 10,008 பேர். மூளை வீக்கம் வடியட்டும் என்று மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு முதல் ஒரு மணி நேரத்தில் 2 கிராம், அடுத்த 48 மணி நேரம் மணிக்கு 0.4 கிராம். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 17.9. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கார்டிசால் பற்றாக்குறைக்குக் கொடுப்பது ஹைட்ரோகார்டிசோன்: வழக்கமாக 6 மணி நேரத்துக்கு 50 மி.கி., நாளுக்கு 200. கிராஷின் அந்த முதல் 2 கிராம், ஹைட்ரோகார்டிசோன் கணக்கில் 10 கிராம். அதாவது 50 நாள் டோஸ் ஒரே மணி நேரத்தில்!

பிபி இறங்கினால் முதலில் வயிறு, நெஞ்சு, இடுப்பு எலும்பில் ரத்தக்கசிவு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமலும் நார்அட்ரினலின் (பிபியை ஏற்றும் மருந்து) டோஸ் ஏறிக்கொண்டே போனால் கார்டிசால் டெஸ்டுக்கு ரத்தம் அனுப்புங்கள். மூச்சுக்கு ட்யூப் போடும்போது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கொடுத்தார்களா என்று கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். ஒரே டோஸ் போதும், சுமார் 24 மணி நேரம் அட்ரினல் சுரப்பு அமுங்கிக் கிடக்கும். ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்திருந்தால் மொத்த கார்டிசாலும் குறைவாகவே காட்டும், ஏமாறக்கூடாது.

லேப்காரன்:
ஜிஎஃப்ஏபி ஆஸ்ட்ரோசைட்டிலிருந்தும் (நியூரானுக்குத் துணையான மூளை செல்), அதோடு சேர்த்துப் பார்க்கும் யூசிஎச்-எல்1 புரதம் நியூரானிலிருந்தும் கசிகிறவை. அமெரிக்காவில் 2018இல் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது, லேசான காயத்தில் சிடி எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான். ஆயுள் ஜோசியத்துக்கு இல்லை. அளவு மிக அதிகமானால் இறப்பும் கூடுகிறது, உண்மை. ஆனால் அந்த ஒரு எண்ணை நம்பி சிகிச்சையை நிறுத்த முடியாது.

காயம் பட்ட நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் குறிக்காத சாம்பிள் வீண். யூசிஎச்-எல்1 சுமார் 8 மணி நேரத்தில் உச்சம், ஜிஎஃப்ஏபி சுமார் 20. இதே வேலைக்கான பழைய ரத்தப் பரிசோதனைப் புரதம் எஸ்100பி, மூளையிலிருந்து மட்டுமல்ல, கொழுப்பிலிருந்தும் வரும். பைக் விபத்தில் தொடை எலும்பும் முறிந்திருந்தால் அது ஏறித்தான் இருக்கும்.

மரபணு:
ஏபிஓஇ4 (ஏபிஓஇ ஜீனின் ஒரு வகை, அல்சைமர் அபாயத்தைக் கூட்டுவது) இருந்தால் தலைக்காயம் மோசமாக முடியும் என்ற பேச்சு கிளம்பியது 1997 கிளாஸ்கோ ஆய்வில், 93 நோயாளிகள். அதே குழு 2005இல் 1,094 பேரைப் பார்த்தபோது மொத்தமாகத் தொடர்பு தெரியவில்லை. சின்ன வயதுக்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஐசியுவில் இந்த டெஸ்ட் எழுதுவதில் அர்த்தமில்லை. சிகிச்சை மாறாது, அல்சைமர் பயத்தைத்தான் குடும்பத்தின் தலையில் கட்டுவோம். வயது, ஜிசிஎஸ்ஸின் (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) மோட்டார் ஸ்கோர், அதாவது கைகால் அசைவு, கண்மணி, சிடி, பிபி, ஆக்சிஜன் - இவை இதைவிட நிறையச் சொல்லும்.

மூன்றாம்ஷிப்ட்:
நன்றி. தலைக்காயத்தில் அட்ரினலின் எகிறுகிறதே, அதற்கு அதன் வேகத்தைத் தடுக்கும் புரோப்ரனலால் கொடுக்கலாமா?

கபாலம்:
பலன் இருப்பதாகச் சொல்பவை பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிய ஆய்வுகள். பிபி நிலையாக இல்லாதவருக்கு வேண்டவே வேண்டாம். பிபி ஏறி, நாடி இறங்கி, மூச்சு சீரில்லாமல் போனால் அது குஷிங் என்ற அபாய அறிகுறி: மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. அப்போது பிபியைக் குறைக்கக் கை வைக்காதீர்கள், மூளைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டாலோ ஹைப்பர்டானிக் சலைனோ (அடர்த்தியான உப்புநீர்) தயாராக வைத்துக்கொண்டு நியூரோசர்ஜனைக் கூப்பிடுங்கள். பிபி சரிந்திருந்தால் மானிட்டால் வேண்டாம், ஹைப்பர்டானிக் சலைன்தான்.