கீழே விழுந்த குஞ்சை வளர்த்துப் பறக்கவிடுவது: பலர் சேர்ந்து எழுதிய அனுபவக் குறிப்புகள்

தரையில் கிடக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை அநாதைகள் அல்ல. கையில் எடுப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு மூடியிருக்கிறதா? வால் மட்டும் குட்டையா? தத்தித் தத்திப் போகிறதா, விரலை நீட்டினால் பற்றிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் அது கூட்டை விட்டு இறங்கும் பருவத்துக் குஞ்சு. பல இனங்கள் சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே இறங்கிவிடும். அடுத்த சில நாள்கள் புதரிலும் தாழ்ந்த கிளையிலும் இருக்கும். தாயும் தந்தையும் அங்கேயே தேடிவந்து ஊட்டும். அதைத் தூக்கி வருவது மீட்பு ஆகாது, பிள்ளையைப் பறிப்பது. பூனை, நாய், வண்டி ஆபத்து இருந்தால் பக்கத்துப் புதருக்குள் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெற்றோர் வருகின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் நிறைய. நீங்கள் நிற்கும்வரை அவை வரமாட்டா. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். ஊட்டல் சில விநாடிகளில் முடிந்துவிடும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே காவல் இருந்தால் அது கண்ணில் படாது.

இறகு இல்லாமல், அல்லது முளை இறகு மட்டும் குத்திட்டு நிற்கும் குஞ்சு கூட்டுக்குள் இருக்க வேண்டியது. கூடு எட்டினால் திரும்ப வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. ஆனால் வைப்பதற்கு முன் குஞ்சு கதகதப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்துபோன குஞ்சு வாய் திறக்காது. வாய் திறக்காத குஞ்சுக்குப் பெற்றோர் ஊட்டாது. கூடு சிதைந்திருந்தால் உள்ளங்கை அகலச் சிறு கூடை ஒன்றில் உலர்ந்த புல்லைப் பரப்பி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, பழைய கூட்டுக்கு அருகிலேயே நிழலில் கட்டுங்கள்.

ஒரே ஒரு நிலையில் காத்திருக்கவே கூடாது. பூனை கவ்விய குஞ்சு என்றால் காயம் தெரியாவிட்டாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் வாயில் உள்ள பாக்டீரியா ஊசிமுனைத் துளை வழியாக இரத்தத்தில் கலந்தால், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து இல்லாமல் குஞ்சு இரண்டு மூன்று நாளில் போய்விடும். இறகுக்கு அடியில் ஈ முட்டை இருந்தாலும், இறக்கை தொங்கினாலும் இதே அவசரம்தான்.

* * *

மேலே சொன்னதெல்லாம் பார்த்த பிறகும் எடுத்தாக வேண்டியிருந்தால், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் சூடு, பிறகு நீர், கடைசியாகத்தான் உணவு. எடுத்து வந்தவுடன் ஊட்டுவதால் இறக்கும் குஞ்சுகள் பட்டினியால் இறப்பவற்றைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். உடல் குளிர்ந்திருக்கையில் செரிமானம் நின்றிருக்கும். உள்ளே போன உணவு அப்படியே கிடந்து அழுகும்.

காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். அதற்குள் சிறு கிண்ணம், கிண்ணத்தில் வளையமாகச் சுருட்டிய டிஷ்யூ பேப்பர். குஞ்சின் உடம்பை எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கும் அளவு குறுகலாக இருக்கட்டும். தட்டையான தரையில் விட்டால் கால்கள் இரு பக்கமும் விரிந்து, பிறகு கூடாமலே போகும். பஞ்சு வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்ளும். நூல் வளையம் உள்ள துண்டும் வேண்டாம், நகம் மாட்டும்.

இறகே இல்லாத குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ். முளை இறகு வந்தபின் 29 முதல் 32. உடல் மூடிவிட்டால் 25 அளவில் இருந்து, மெல்ல அறை வெப்பத்துக்குக் கொண்டுவரலாம். துணி சுற்றிய வெந்நீர்ப் பையோ, குறைந்த அளவில் வைத்த ஹீட்டிங் பேடோ பெட்டியின் பாதிக்கு அடியில் மட்டும் இருக்கட்டும். மறுபாதி குளிர்ந்த இடம். வெந்நீர்ப் பை ஆறியபின் குஞ்சின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும் என்பதால் இரவிலும் மாற்ற வேண்டும். தெர்மாமீட்டரைக் குஞ்சு படுத்திருக்கும் உயரத்தில் வையுங்கள். அதைவிட நல்ல கருவி குஞ்சே: வாயைத் திறந்து இளைத்து, கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்தால் சூடு அதிகம். கால் சில்லென்று இருந்து, அசைவு மந்தமானால் சூடு போதவில்லை.

நீர்: தோல் சுருங்கி, வாய்க்குள் எச்சில் நூலாக இழுத்தால் வறட்சி. வெதுவெதுப்பான உப்பு-சர்க்கரைக் கரைசலை அலகின் ஓரத்தில் துளித்துளியாகத் தொட்டு வையுங்கள். தானே உறிஞ்சட்டும். வாய்க்குள் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் பின்புற வேரிலேயே திறந்திருக்கிறது. ஒரு துளி வழி தவறினாலும் நுரையீரலில் இறங்கும். கொஞ்ச நேரத்தில் மூச்சில் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். கூட்டுக் குஞ்சுக்குத் தண்ணீர்க் கிண்ணம் எதுவும் வைக்க வேண்டாம். உணவின் ஈரமே போதும்.

* * *

உணவைப் பற்றி. பால் கூடாது, பறவைக்கு லாக்டோஸ் செரிக்காது. ரொட்டி கூடாது, வயிறு நிரம்பும், சத்து இல்லை. விதை தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுகளுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். வளரும் உடம்புக்குப் புரதம் அவ்வளவு வேண்டும்.

பெரும்பாலான சிறு பறவைகளுக்கு அவசரத் தீனியாகப் பூனைக்குட்டிகளுக்கான உலர்தீனி உதவும். தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஸ்பாஞ்ச் பதத்துக்கு வந்ததும் பிழிந்துவிடுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது. அதோடு தலை நீக்கிய சிறு வெட்டுக்கிளி, மாவுப்புழு. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பூச்சியை மட்டுமே கொடுத்தால் சில நாளிலேயே எலும்பு வளைந்து, நிற்க முடியாமல் போகும். ஆகவே பொடித்த கால்சியம் கார்பனேட்டைப் பூச்சியின் மேல் மெல்லியதாகத் தூவிக் கொடுங்கள்.

முனை மழுங்கிய சாமணத்தால் பட்டாணியில் பாதி அளவுத் துண்டை எடுத்து, திறந்த வாயின் உட்புறம் நாக்கைத் தாண்டி வையுங்கள். சிட்டுக்குருவி அளவுக் குஞ்சுக்கு இன்னும் சிறியது. வாய் திறக்கவில்லை என்றால் கிண்ணத்தை மெல்லத் தட்டுங்கள், தாய் வந்து அமரும் அதிர்வு அது. அலகைப் பிளந்து திணிப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிதான் பலரைத் தோற்கடிக்கிறது. கண் திறக்காத குஞ்சுக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. கண் திறந்தபின் அரை மணி நேரம். இறகு மூடியபின் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை, நாள் முழுக்க. இரவில் வேண்டாம், தாயும் ஊட்டுவதில்லை. வேலைக்குப் போய்விட்டு மாலையில் சேர்த்து ஊட்டலாம் என்று நினைப்பவர்கள் முதல் நாளே மீட்பு மையத்தில் ஒப்படைப்பதுதான் குஞ்சுக்குச் செய்யும் நன்மை. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் காட்டுப்பறவையை வைத்திருப்பதே சட்டவிரோதம். அதற்காகவும் முதலில் அங்கே கேளுங்கள்.

ஒவ்வொரு ஊட்டலுக்குப் பிறகும் எச்சம் வெள்ளைச் சவ்வுப்பை போலத் திரண்டு வந்தால் உள்ளே எல்லாம் சரி. நீர்த்து வந்தால், நாறினால், தீனியையும் சூட்டையும் சந்தேகப்படுங்கள். தினமும் காலை முதல் ஊட்டலுக்கு முன் கிராம் தராசில் எடை எழுதி வையுங்கள். கூட்டை விட்டு இறங்கும் தறுவாயில் எடை சற்றுக் குறையலாம், அதற்கு முன்னால் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

* * *

முந்தைய குறிப்போடு ஒரு திருத்தம் சேர்க்கிறேன்: அந்தப் பூனைக்குட்டித் தீனி எல்லாப் பறவைக்கும் பொருந்தாது.

புறாக் குஞ்சு வாய் பிளந்து கேட்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும். அதற்குக் கிடைப்பது தாயின் தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் சுரக்கும் பால் போன்ற கூழ். ஆகவே சாமணத்தைக் காட்டிப் பயனில்லை. கைவளர்ப்புக் குஞ்சுகளுக்கான தீனி மாவை 39 முதல் 41 டிகிரிச் சூட்டில் கரைத்து, முனை வெட்டிய சிரிஞ்சின் வாயில் மெல்லிய ரப்பரைக் கட்டிச் சிறு கீறல் போட்டு, அதற்குள் அலகை நுழைக்க விடுங்கள். 43ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். கையை நம்பாமல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். தீனிப்பை மென்மையாக உப்பினால் நிறுத்துங்கள். அது காலியாகும் முன் அடுத்தது கொடுத்தால் பழையது உள்ளே புளித்துவிடும்.

வானிலேயே வாழும் உழவாரக் குருவிக்குப் பூச்சி மட்டுமே. பூனைத்தீனி கொடுத்தால் உயிர் பிழைத்தாலும் இறகு கெட்டுப் பறக்காது. ஆந்தை, பருந்துக் குஞ்சுகளுக்கு எலும்போடு கூடிய முழு இரை தேவை. வெறும் சதை கொடுத்தால் கால்சியம் இல்லாமல் எலும்பு முறியும். அவற்றை வீட்டில் முயலாதீர்கள். கோழி, காடை, ஆள்காட்டி போன்றவற்றின் குஞ்சுகள் பிறந்தவுடன் ஓடித் தாமே கொத்தும். அவற்றுக்குச் சூடும் கொறிக்கத் தீனியும் ஆழமற்ற தண்ணீரும் போதும். வாயில் எதையும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. காகம் தன்னைப் போலவே இல்லாத குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்து 'வழி தவறிய குஞ்சு' என்று எடுத்து வருகிறார்கள். அது பெரும்பாலும் குயில் குஞ்சு. வளர்ப்புப் பெற்றோர் அங்கேயே இருக்கின்றன. விட்டுவிடுங்கள்.

* * *

ஊட்டி வளர்ப்பது பாதி வேலை. மீதியைப் பேசுகிறவர்கள் குறைவு.

குஞ்சுக்குப் பெயர் வைப்பது, பேசுவது, தோளில் ஏற்றுவது எல்லாம் பாசத்தால் செய்வதுதான். ஆனால் மனிதனைத் தன் இனமாக நினைத்த பறவை, வெளியே போனதும் முதலில் பார்க்கும் ஆளிடமே பசியோடு இறங்கும். கண் திறந்த நாளிலிருந்து ஊட்டும் நேரம் தவிர பெட்டியை மூடியே வையுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். அதே இனத்துக் குஞ்சு இன்னொன்று கிடைத்தால் சேர்த்து வளர்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை. வீட்டுப் பூனை, நாய் அதன் கண்ணிலேயே படக்கூடாது. பழகிவிட்டால் வெளியே இருக்கும் பூனை, நாய்க்கும் பயப்படாது.

கிண்ணத்தின் விளிம்பில் ஏறி அமர ஆரம்பித்ததும் கூண்டுக்கு மாற்றுங்கள். இரும்புக் கம்பி வலை இறகை உடைக்கும், துணி வலை நல்லது. வெவ்வேறு பருமனில் இயற்கைக் கிளைகள், ஆழமற்ற குளிக்கும் தட்டு, அந்த இனம் காட்டில் தின்னும் தீனி. ஊட்டலை ஒரேயடியாக நிறுத்தாமல், காலையில் தட்டில் தீனி வைத்துத் தானாகக் கொத்துகிறதா என்று பார்த்துக் குறையுங்கள். கொத்துவது வேறு, விழுங்குவது வேறு. எடைதான் உண்மையைச் சொல்லும்.

பிறகு வெளியில், நிழலும் வெயிலும் மழைச்சாரலும் படும் பெரிய கூண்டில் ஒன்றிரண்டு வாரம். இறகில் தண்ணீர் உருண்டு ஓட வேண்டும், ஊறக்கூடாது. பறக்கும் இறகில் குறுக்கே வெளிறிய கோடு தெரிந்தால், வளர்ந்த நாளில் சத்து குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் இறகு ஒடியும். நேராக மேலெழும்பி, திரும்பி, குறிபார்த்துக் கிளையில் இறங்குகிறதா? கையால் ஊட்டாமலே சில நாள் எடை நிலைக்கிறதா? உங்களைக் கண்டால் விலகுகிறதா? மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் பொறுங்கள்.

திறக்கும் நாள் காலையாக இருக்கட்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் மழை, புயல் எதிர்பார்ப்பு இருக்கக்கூடாது. அதே இனப் பறவைகள் உலவும் இடம், பூனை நடமாட்டம் குறைந்த இடம். கூண்டைத் திறந்து வைத்து விலகிவிடுங்கள். விரட்ட வேண்டாம், வீசி எறிய வேண்டாம். உழவாரக் குருவிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதற்குத் தரையிலிருந்து கிளம்புவது கடினம். திறந்தவெளியில் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரித்த உள்ளங்கையில் வைத்து, அது தானாகச் சிறகடித்துக் கிளம்பும்வரை நில்லுங்கள். மற்றவற்றுக்குக் கூண்டின் மேலேயே இரண்டு வாரமாவது தீனி வைத்து வாருங்கள். வருகை குறைந்து நின்றுபோகும்வரை நிறுத்த வேண்டாம்.