பள்ளி எஸ்எம்எஸ்: சேர்க்கைப் படிவத்துக் கையெழுத்து ஒன்றே போதுமா?

அலுவலகமேசை:
ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற தனியார் பள்ளின்னு வைங்க. சேர்க்கைப் படிவத்தோட கடைசி வரியில "பள்ளி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் பெறச் சம்மதிக்கிறேன்"னு இருக்கு, கீழே பெற்றோர் கையெழுத்து. இப்போ வருகை, கட்டணம், விடுமுறை, நிகழ்ச்சின்னு தனித்தனியா டிக் வாங்கணும்னு பல பள்ளிகள்ல பேச்சு. என் கட்சி: வேண்டாத வேலை. நம்பரைக் கொடுத்ததே செய்தி வரணும்னுதானே? நாலு கட்டம் போட்டா பாதிப் பேர் காலியா விட்டுட்டுப் போவாங்க. அவங்களை யார் துரத்துறது?

பிரிவு_ஒன்பது:
ஒற்றை வரி நிற்காது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பாருங்கள். சம்மதம் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும். சேர்க்கையோடு சேர்த்துக் கட்டிய வரி இதில் எத்தனையில் தேறும்? 18 வயதுக்கு உட்பட்டவர் தரவு என்றால் 9ஆம் பிரிவும் வரும்: சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம். அதை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அவ்வளவுதான்.

அலுவலகமேசை:
200 கோடின்னு பூச்சாண்டி காட்டாதீங்க சார். அதே விதிகளோட நான்காம் அட்டவணையில கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கே. கல்விச் செயல்பாடு, பிள்ளைகளோட பாதுகாப்பு, இந்த ரெண்டுக்கும் கண்காணிக்கலாம். சட்டத்தின் 7ஆம் பிரிவும் இருக்கு: ஒருத்தர் தானா கொடுத்த தகவலை, அவர் மறுப்புச் சொல்லாத வரைக்கும், கொடுத்த நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம்.

பிரிவு_ஒன்பது:
வருகைச் செய்திக்கு உங்கள் வாதம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பட்டியலுக்குத்தானே ஏப்ரலில் "கோடைகால நீச்சல் பயிற்சி, முன்பதிவுக்குச் சலுகை" என்றும் போகிறது? அந்த விலக்கு இதற்கு நீளாது. நம்பர் கொடுத்த நோக்கமும் அது இல்லை.

கேட்வேக்காரன்:
சட்டம் இருக்கட்டும், செய்தி முதல்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட வாசலைத் தாண்டணும். 2018 ஒழுங்குமுறைப்படி பள்ளி டிஎல்டியில, அதாவது ஆபரேட்டர்கள் நடத்துற பதிவுத் தளத்துல, பதிவு பண்ணணும், ஆறெழுத்து ஹெட்டர் (அனுப்புநர் பெயர்) வாங்கணும், ஒவ்வொரு செய்தியையும் டெம்ப்ளேட்டா (மாதிரி வாசகமா) ஏத்தி அனுமதி வாங்கணும். வருகை, கட்டணம் எல்லாம் சேவை வகை. அது டிஎன்டி, அதாவது விளம்பரம் வேண்டாம்னு பதிவு, போட்ட எண்ணுக்கும் போகும். நீச்சல் பயிற்சி விளம்பர வகை. டிஎன்டி எண்ணுக்குப் போகாது, உங்க பீரோவுல எத்தனை கையெழுத்து இருந்தாலும் சரி. காகிதத்துல இருக்குற சம்மதம் ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியாது.

நிறையப் பேர் பண்ற தப்பு, விளம்பரத்தை சேவை டெம்ப்ளேட்டுக்குள்ள நுழைக்கிறது. புகார் போனா ஹெட்டரே முடங்கும். அப்புறம் "பேருந்து தாமதம்"கூட அனுப்ப முடியாது. 2025 திருத்தத்துக்கு அப்புறம் ஹெட்டர் கடைசியில சேவைக்கு 'S', விளம்பரத்துக்கு 'P'ன்னு வகை ஒட்டிக்கிட்டு வருது, பெற்றோருக்கே பார்த்த உடனே தெரிஞ்சிடும்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
அப்போ எல்லாத்துக்கும் கட்டம் வைங்க, வருகைக்கும் சேர்த்து. எது வேணும், எது வேண்டாம்னு பெத்தவங்க முடிவு பண்ணட்டுமே. இதுல பள்ளிக்கு என்ன நஷ்டம்?

அலுவலகமேசை:
ஒருத்தர் "வருகை வேண்டாம்"னு டிக் பண்றாரு. மறுநாள் பிள்ளை வீட்டுல கிளம்பிடுச்சு, பள்ளிக்கு வந்து சேரல. அன்னிக்கு அந்தக் கட்டத்தைக் காட்டித் தப்பிக்க முடியுமா? நிறைவேத்த முடியாத தெரிவைக் கொடுக்கவே கூடாது.

பிரிவு_ஒன்பது:
இதில் நான் அலுவலகமேசை பக்கம். வருகை, அவசர விடுமுறை, பேருந்து மூன்றுக்கும் சம்மதம் கேட்க வேண்டாம். "இவை அனுப்பப்படும்" என்று அறிவித்தால் போதும். நிகழ்ச்சி, விளம்பரம், வெளி நிறுவனப் பயிற்சிக்குக் கட்டம் வையுங்கள். காலியாக விட்டால் 'இல்லை' என்றே பொருள், யாரையும் துரத்த வேண்டியதில்லை. அறிவிப்பைத் தமிழிலும் படிக்கத் தர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் கேட்டுப் பெறும் உரிமை 5ஆம் பிரிவில் இருக்கிறது.

ரெண்டுபிள்ளைஅப்பா:
சரி, பின்னாடி வேண்டாம்னா? வந்த செய்திக்கே "ஸ்டாப்"னு பதில் போட்டா நிக்குமா?

கேட்வேக்காரன்:
நிக்காது. அது அமெரிக்காவுல நடக்கும். நம்ம ஊர்ல அனுப்புறது எண் இல்ல, எழுத்து ஹெட்டர். அதுக்குப் பதில் போட வழியே கிடையாது. "ஸ்டாப் என்று பதிலளிக்கவும்"னு வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து டெம்ப்ளேட்ல எழுதுறாங்க, பெற்றோர் போடுற பதில் எங்கேயும் போய்ச் சேராது. மிஸ்டுகால் எண் ஒண்ணு கொடுங்க, இல்லைன்னா இணைய இணைப்பு (லிங்க்). இணைப்புன்னா அந்த முகவரியை முன்கூட்டியே டிஎல்டியில பதிஞ்சிருக்கணும். 2024 அக்டோபர் 1 முதல் பதியாத இணைப்பு இருக்குற செய்தி அப்படியே தடுக்கப்படும்.

தமிழ்ல அனுப்புறவங்க கணக்கையும் பாருங்க. ஆங்கிலத்துல ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ்ல 70. நீண்டு துண்டானா துண்டுக்கு 67. அதுவும் நாம எண்ற எழுத்து இல்ல: "பள்ளி" கண்ணுக்கு மூணு, எஸ்எம்எஸ் கணக்குல அஞ்சு. புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி. விலகும் வழியையும் சேர்த்தா ரெண்டு செய்திக் காசு.

பதிவேட்டுக்காரி:
எல்லாரும் கையெழுத்தையே பிடிச்சிட்டுத் தொங்குறீங்க. சண்டை வர்ற இடம் எண். படிவத்துல அப்பா கையெழுத்து, எழுதின எண் பாட்டியோடது. இல்லைன்னா 7ஐ 1 மாதிரி எழுதி, கட்டணப் பாக்கிச் செய்தி பிள்ளை பேரோட யாரோ ஒருத்தருக்குப் போகும். சரியா எழுதினாலும், துண்டிச்ச எண் 90 நாளுக்கு அப்புறம் வேற ஒருத்தர் கைக்குப் போகலாம். ஒண்ணாம் வகுப்புல வாங்கின சம்மதம் அஞ்சாம் வகுப்புல யாரோட சம்மதம்?

பதிவேட்டுல பிள்ளை, எண், எண்ணுக்குரியவர், உறவு, எந்த வகைச் செய்தி, சம்மத நாள், ஓடிபி சரிபார்த்த நாள், விலகிய நாள்னு எட்டு பத்தி போடுங்க. விலகினவங்க வரியை அழிக்காதீங்க. அழிச்சா அடுத்த முறை பழைய எக்செல்லை ஏத்துறப்ப அந்த எண் உயிரோட திரும்பி வரும், புகாரோட. அப்பா, அம்மா பிரிஞ்சிருந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனி வரி. ஒருத்தர் விலகுறது அடுத்தவரைத் தொடக் கூடாது. அப்பா துபாய் எண் கொடுத்தா, உள்நாட்டு வழியில அது போகாதுன்னு அங்கேயே சொல்லிடுங்க.

அலுவலகமேசை:
பதிவேடு சரி. ஆனா ஏற்கெனவே படிக்கிற ஆயிரம் பேர்கிட்டயும் புதுக் கையெழுத்தா?

பிரிவு_ஒன்பது:
வேண்டாம். சட்டம் நடைமுறைக்கு வருமுன் வாங்கிய சம்மதத்துக்கு, வந்தபின் கூடிய விரைவில் அறிவிப்புத் தந்தால் போதும். அவர் விலகும் வரை தொடரலாம். அதாவது அந்த ஒற்றை வரி தாங்குகிற அளவுக்கு. நீச்சல் பயிற்சிக்கு அது தாங்காது.

அலுவலகமேசை:
அப்போ ஓடிபி சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. ஆளுக்கு ஒரு நிமிஷம்னாலும் ஒரே மேசையில 17 மணி நேரம் ஆகுமே.

பதிவேட்டுக்காரி:
ஒரே மேசை எதுக்கு? ரேங்க் கார்டு வாங்க வர்ற நாள்ல வகுப்பாசிரியர் கையிலேயே கொடுத்துடுங்க. வகுப்புக்கு 35 பேர், 35 நிமிஷம்.

கேட்வேக்காரன்:
ஓடிபிக்கும் டெம்ப்ளேட் வேணும், அதுக்கும் அனுமதி வரணும். ரெண்டு வாரம் முன்னாடியே போட்டு, நாலு நிறுவன சிம்முலயும் அனுப்பிப் பார்த்துட்டு அப்புறம் தேதி குறிங்க.