அப்பாவின் படகைக் காலி செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது? அவசரம்

வெள்ளையாற்று_மகள்:
வணக்கம். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, இனிக் கடலுக்குப் போக முடியாது. படகைத் தம்பி எடுத்து ஓட்டப்போகிறான். ஜூன் 14க்குள் காலி செய்தாக வேண்டும். உள்ளே இத்தனை வருடச் சாமான்: பழைய வலை, கயிறு, கேன், பேட்டரி, என்னவென்றே தெரியாத மூட்டைகள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மூட்டை இறக்கினோம், படகு ஒரு விரல்கூட எழும்பவில்லை. முன்னறைக்குள் இறங்கினேன். அழுகின முட்டை நாற்றம், தலை சுற்றியது, ஏறிவிட்டேன். இதையெல்லாம் எங்கே போடுவது? படகு ஏன் எழும்பவில்லை? எனக்கு வியாழன் வரைதான் லீவு.

அக்கரைப்பேட்டை_லாஞ்சு:
என்ன படகு என்றே சொல்லவில்லையே தங்கச்சி. லாஞ்சு என்கிற விசைப்படகா, ஃபைபரா, மர வள்ளமா? எத்தனை அடி? தண்ணீரில் நிற்கிறதா, கரையில் கிடக்கிறதா?

நங்கூரம்:
இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. படகை வருடம் ஒருமுறை கரையேற்றி, உள்ளே கால் வைக்கும் தட்டுப் பலகையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். இது தொழிலின் அரிச்சுவடி. இவ்வளவு காலம் சேரவிட்டு மூன்று நாளில் முடிக்க நினைத்தால் முடியாது. முதலில் படகின் நீளம், எஞ்சின், வாங்கிய வருடம் எல்லாவற்றையும் முறையாக எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

ஐஸ்பெட்டி:
மற்றதெல்லாம் பிறகு. அக்கா, அந்த முன்னறைக்குள் இனி தனியாக இறங்கவே இறங்காதீர்கள். மூடிக் கிடந்த அறையில் மீன் தண்ணீரும் அழுக்கும் அழுகினால் விஷவாயு சேரும். அழுகின முட்டை நாற்றம் அதுதான். கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும், ஆனால் வாயு போயிருக்காது, மூக்குதான் மரத்திருக்கும். மூடியைத் திறந்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காற்றாட விடுங்கள். இறங்கும்போது மேலே ஒருவர் கயிற்றோடு நிற்கட்டும். உள்ளே ஒருவர் சாய்ந்துவிட்டால் பதறி இன்னொருவர் குதிக்கக் கூடாது. அப்படிக் குதித்துத்தான் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகிறது.

ஃபைபர்_பழுது:
படகு எழும்பவில்லை என்றாலே எனக்குப் புரிந்துவிட்டது. ஃபைபர் படகாகத்தான் இருக்கும். மூழ்காமல் இருக்க உள்ளறைகளில் தெர்மோகோல் மாதிரிக் கெட்டி நுரை அடைத்திருப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகென்றால் சந்தேகமே இல்லை, எங்கோ விரிசல் விட்டு நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. சாமானை எவ்வளவு இறக்கினாலும் பயன் இல்லை. கரையேற்றி வெளிப்பக்கம் ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. தொம்மென்று மந்தமாகக் கேட்டால் அந்த இடத்தில் நுரை ஊறியிருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

பழைய_வலை_நாகை:
நுரை பேச்சை விடுங்கள். நனைந்த வலையின் கனம் உங்களுக்குத் தெரியுமா? மூட்டை பார்க்கச் சின்னதாக இருக்கும், உள்ளே ஈயக்குண்டோடு கிடக்கும். நான் பழைய வலை வாங்கி விற்கிறவன், சொல்கிறேன் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்தால் யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு வலையிலும் ஒரு துணுக்கு வெட்டிப் போட்டு, காற்றுக்குமிழி போக விரலால் அமுக்கிவிடுங்கள். மூழ்கினால் நைலான், மிதந்தால் பாலி ரகம். ஒற்றை நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை மூழ்கும், பச்சை லாஞ்சு வலையும் பெரும்பாலான கயிறும் மிதக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கட்டுங்கள். மிதவையையும் ஈயத்தையும் அறுத்து எடுத்துவிடுங்கள். ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் அந்தப் புகையே ஆகாது. பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள்.

ஐஸ்பெட்டி:
வலையைக் கரையில் போட்டுக் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆற்றிலும் தள்ளாதீர்கள். தங்கூசி மக்காது, முகத்துவாரத்தைத் தாண்டிப் போய் ஆமைக் கழுத்தில் மாட்டும்.

கரைவலை_பேரன்:
எனக்கு ஒன்று புரியவில்லை. ஜூன் 14 என்று ஏன் கெடு? மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே? ஃபைபர் என்றால் நாளைக்கே கடலுக்குப் போகலாமே.

அக்கரைப்பேட்டை_லாஞ்சு:
ஆமாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்குத்தான். 2017க்கு முன்னால் 45 நாள், மே மாதத்தோடு முடிந்துவிடும். இப்போது நாங்கள் இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்திருக்க, ஃபைபர்காரர்கள் நல்ல விலைக்கு விற்கிறார்கள். மீன் முட்டையிடும் காலமென்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே?

கரைவலை_பேரன்:
அண்ணே, இழுவைமடி போட்டு அடித்தரையை வாரிக்கொண்டு போவது யார்? செவுள் வலை போடும் சின்னப் படகையும் லாஞ்சையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எங்கள் தாத்தா காலத்தில் காற்றும் நீரோட்டமும்தான் தடைக்காலம் வைத்தன.

அக்கரைப்பேட்டை_லாஞ்சு:
தாத்தா காலத்தில் இவ்வளவு ஃபைபர் படகு இருந்ததா? கண்ணி சின்னதாக வைத்து மீன்குஞ்சு பிடிப்பது லாஞ்சு மட்டுமா?

நங்கூரம்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் இன்னும் படகின் நீளத்தையே சொல்லவில்லை.

வெள்ளையாற்று_மகள்:
மன்னியுங்கள், சிக்னல் இல்லை. ஃபைபர்தான், 28 அடி, 10 ஹெச்.பி. டீசல் எஞ்சின். செருதூரில் வெள்ளையாற்றில் கட்டிக் கிடக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் வந்தது. தம்பி நாகப்பட்டினத்தில் லாஞ்சில் வேலை செய்கிறான். தடை முடிந்தால் அவனை மறுபடி கூப்பிட்டுவிடுவார்கள், அதற்குள் நம் படகு தயாராக இருந்தால் போகமாட்டான். அதனால்தான் ஜூன் 14. இன்னொரு கஷ்டம், அப்பா எதையும் விட மறுக்கிறார். அவர் தூங்கும்போது இறக்கிவிடலாமா என்று யோசிக்கிறோம்.

கோடியக்கரை_அம்மா:
அதை மட்டும் செய்யாதே கண்ணு. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிள்ளைகள் படகைச் சுத்தம் பண்ணிவிட்டார்கள். துருப்பிடித்த பால்பவுடர் டப்பா ஒன்று, உள்ளே தூண்டில் முள்ளெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வந்து கேட்ட முதல் பொருள் அதுதான். அவருடைய அப்பா கொடுத்த டப்பா. அப்புறம் ஆறு மாதம் பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கரையில் ஒரு தார்பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பு. அப்பாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி போடு. ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடு. கையில் பிடித்தாலே தெரிந்துவிடும் அவருக்கு, எது உதவும், எது உளுத்துப்போனது என்று. கொடுக்கிற கை அவருடையதாக இருக்கட்டும்.

அக்கரைப்பேட்டை_லாஞ்சு:
அம்மா சொல்வதுதான் சரி. படகுப் பதிவுப் புத்தகம், டீசல் புத்தகம், படகு எங்கே இருக்கிறதென்று காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் மூன்றையும் முதலில் எடுத்து வீட்டில் வை தங்கச்சி. பழைய சாமானோடு சாமானாக ட்ரான்ஸ்பாண்டரை எடைக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். தம்பி பேருக்கு மாற்ற மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

நங்கூரம்:
28 அடி, பத்து ஹெச்.பி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நுரையை வெட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். தட்டுப் பலகைக்குக் கீழே குறுக்குத் தடுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர் பின்னால் ஓட ஒரு ஓட்டை. வலைத்துணுக்கும் செதிலும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் முன்பக்கமே தங்கும், பின்னால் எவ்வளவு இறைத்தாலும் வராது. நீர் ஏறும் நேரத்தில் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, மணல் மேல் ஏற்றி வையுங்கள். நீர் வற்றினதும் படகு பின்பக்கம் சாயும். அப்போது மேலே நின்றபடியே ஓட்டையைக் கம்பியால் குத்துங்கள்.

ஃபைபர்_பழுது:
நுரைதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையாற்று_மகள்:
பஸ்ஸில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மூடியைத் திறந்து ஒரு நாள் விட்டோம். நேற்று காலை அணியத்தை மணலில் ஏற்றினோம். இரண்டாவது தடுப்பு ஓட்டையில் கம்பி விட்டதும் பசை மாதிரி ஒரு உருண்டை வந்தது, முழுக்கத் தங்கூசித் துணுக்கும் செதிலும். அப்புறம் கறுப்புத் தண்ணீர் முக்கால் மணி நேரம் ஓடியது. படகு இப்போது நான்கு விரல் எழும்பி நிற்கிறது. தட்டியும் பார்த்தோம், வலப்பக்கம் ஒரு இடம் மந்தமாகக் கேட்கிறது அண்ணே, தம்பி உங்களிடம் கேட்பான். நைலான் ஒன்பது மூட்டை, மிதந்தது ஐந்து. அப்பா மூங்கில் வலை ஊசிகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார், மற்றதையெல்லாம் அவரே எடுத்து எடுத்துக் கொடுத்தார். நங்கூரம் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ரொம்ப நன்றி.

அக்கரைப்பேட்டை_லாஞ்சு:
சந்தோஷம். ட்ரான்ஸ்பாண்டரை எடுத்து வைத்தாயா?

அக்கரைப்பேட்டை_லாஞ்சு:
தங்கச்சி?